டிவிடி ரைட்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன்

போன மாதம் சித்தி ஒரு பவுச்சைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே மூன்று டிவிடி, மேலே மங்கிப்போன கல்யாண ஸ்டிக்கர், 2009ஆம் வருடத்துத் தேதி. விஷயம் வேறொன்றுமில்லை, அவர் மகள் கல்யாணத்துக்குப் பெரியப்பா வந்தாரா வரவில்லையா என்று குடும்பத்தில் ஒரு பஞ்சாயத்து. "வந்தார், பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டார், கேசட்லயே இருக்கு" என்பது சித்தப்பா கட்சி. எங்கள் வீட்டில் டிவிடிக்கும் இன்னும் பெயர் கேசட்தான். "வரவே இல்ல" என்பது சித்தி கட்சி. அவர்கள் வீட்டு டிவிடி பிளேயர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது, லேப்டாப்பில் டிரைவே கிடையாது. "நீதான் இந்தக் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் பார்ப்பியே, போட்டுக் காட்டு" என்றார்.

போட்டேன். முதல் டிஸ்க் முழுக்க முந்தின நாள் ரிசப்ஷன், நன்றாக ஓடியது. இரண்டாவதில் மாலை மாற்றி, தாலி கட்டி, அட்சதை விழுந்து எல்லாம் சரி. பந்திக்கு இலை போடும் இடம் வந்ததும் படம் சிக்கி, கட்டம் கட்டமாக உடைந்து, நின்றேவிட்டது. டிரைவ் மட்டும் உள்ளே கர் கர் என்று தேடிக்கொண்டிருந்தது. "உன் ரைட்டர் போச்சுடா" என்று சித்தப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

போகவில்லை. 2006இலிருந்து மூன்று ரைட்டர் (டிஸ்க்கைப் படிக்கவும் எழுதவும் செய்கிற டிரைவ்) வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ரைட்டர் மேல் விழும் பழியில் பாதிக்கு மேல் டிஸ்க்கும் கேபிளும் நம் அவசரமும் செய்த வேலை. உங்களிடம் பழைய டெஸ்க்டாப் ரைட்டரோ யூஎஸ்பியில் செருகும் மெல்லிய டிரைவோ இருந்து, அது ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று தோன்றினால், தூக்கிப் போடுவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

முதலில் யார் குற்றவாளி என்று பாருங்கள்

மூன்று டிஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கடையில் வாங்கிய சினிமா டிவிடி, அதாவது தொழிற்சாலையில் அச்சடித்தது. இரண்டாவது, யாரோ கம்ப்யூட்டரில் ரைட் பண்ணிக் கொடுத்த டிவிடி. மூன்றாவது ஒரு பழைய ஆடியோ சிடி அல்லது எம்பி3 சிடி. மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

சிடி மட்டும் ஓடி டிவிடி எதுவுமே ஓடவில்லை என்றால் ரைட்டர் மேல் சந்தேகப்படலாம். ஏனென்றால் சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். இரண்டும் ஒரே லென்ஸ் வழியாக வந்தாலும் ஒன்று களைத்துப் போய் இன்னொன்று உயிரோடிருப்பது சகஜம். சினிமா டிவிடி ஓடுகிறது, ரைட் பண்ணினது மட்டும் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் அந்த டிஸ்க்கின் சாயம் வெளிறியிருக்கும். அச்சடித்த டிஸ்க்கில் பள்ளங்களாகவே தகவல் இருக்கிறது, ரைட் பண்ணின டிஸ்க்கில் லேசர் சுட்ட சாயத்தில் இருக்கிறது. அந்தச் சாயம் வெயிலுக்கும் ஈரக்காற்றுக்கும் வருடங்களுக்கும் பயப்படும். மூன்றுமே ஓடவில்லை என்றால் லென்ஸில் தூசி, அல்லது கரண்ட் போதவில்லை. அதற்கும் மருந்து இருக்கிறது.

எங்கள் கல்யாண டிஸ்க் விஷயத்தில் இந்தச் சோதனை டிஸ்க் மூன்றும் ஓடின. அப்போதே தெரிந்துவிட்டது, ரைட்டர் நிரபராதி.

கேபிள் என்ற ஊமைக் குசும்பன்

என் முதல் ரைட்டர் ரிச்சி தெருவில் வாங்கியது. ஐடிஇ என்ற பழைய பட்டைக் கேபிளில் மாட்டுகிற வகை, முகப்பில் எழுதும் வேகம் 16எக்ஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கும். முதல் ஆறு மாதம் அருமையாக ஓடியது. பிறகு ஒரு நாள் ஒரு டிவிடி ரைட் பண்ண அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது, ரைட் ஆகும்போது மவுஸ் கூட நகராமல் விட்டு விட்டு இழுத்தது, மென்பொருளில், எழுதக் காத்திருக்கும் தகவலைக் காட்டும் பஃபர் கோடு ஏறுவதும் விழுவதுமாக ஆடிக்கொண்டிருந்தது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "சார், லென்ஸ் வீக், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். வாங்கியிருப்பேன், அன்று பையில் காசு இல்லாததால் தப்பித்தேன்.

நடந்தது என்னவென்றால், விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஐடிஇ டிரைவிலிருந்து தகவல் வரும்போது பிழை திரும்பத் திரும்ப வந்தால் அது வேகத்தை ஒவ்வொரு படியாக இறக்கும். கடைசியில், பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் தகவலை நேராக மெமரிக்கு அனுப்பும் டிஎம்ஏ முறையை விட்டுவிட்டு பிஐஓ என்ற ஆதிகால முறைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். பிஐஓவில் ஒவ்வொரு துளித் தகவலையும் பிராசசரே கையில் தூக்கிக் கொடுக்க வேண்டும், அதனால்தான் மவுஸ் திணறும். ஒரு கீறல் விழுந்த டிஸ்க்கை நான் பிடிவாதமாகப் படிக்க வைத்ததில் இந்தக் கதி. ஆனால் டிஸ்க்கை எடுத்த பிறகும் விண்டோஸ் அதை மறப்பதில்லை. வழி எளிது: டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அந்த ரைட்டர் இருக்கும் ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் பண்ணிவிட்டு ரீஸ்டார்ட் பண்ணினால் விண்டோஸ் புதிதாகக் கண்டுபிடித்து மறுபடி டிஎம்ஏவில் போட்டுவிடும். பட்டையான கேபிளையும் 80 கம்பி உள்ளதாக மாற்றினேன். அந்த "வீக்" லென்ஸ் அதற்குப் பிறகு நான்கு வருடம் உழைத்தது.

இன்றைக்கு ஐடிஇ வைத்திருப்பவர்கள் குறைவுதான். அதற்குப் பிறகு வந்த சாட்டா வகை டிரைவில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை, ஆனால் அந்தச் சிவப்புக் கேபிள் லேசாகக் கழன்றிருந்தால் டிரைவ் சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. கழற்றி மாட்டிப் பாருங்கள், சிபியுவில் வேறு சாக்கெட்டில் செருகிப் பாருங்கள், வேறு கேபிளும் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பழசாக இருந்தால் டிரைவ் சுழலத் தொடங்கும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி மொத்த கம்ப்யூட்டருமே ரீஸ்டார்ட் ஆவதும் உண்டு.

யூஎஸ்பி டிரைவ்காரர்களுக்கு இங்கேதான் முக்கால்வாசிப் பிரச்சினை. யூஎஸ்பி 2.0 போர்ட் தரவேண்டிய கரண்ட் 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்திலும் ரைட் பண்ணும்போதும் இந்த டிரைவ்கள் அதற்கு மேல் கேட்கும். கிடைக்கவில்லை என்றால் டிக் டிக் என்று சத்தம் போடும், விளக்கு எரிந்து அணையும், டிஸ்க் இல்லை என்று சாதிக்கும். எக்ஸ்டென்ஷன் ஒயர், பவர் இல்லாத ஹப், சிபியுவின் முன்பக்கப் போர்ட், இந்த மூன்றையும் தவிருங்கள். லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள், டெஸ்க்டாப் என்றால் பின்பக்கத்தில். சில டிரைவ்களோடு இரண்டு தலை உள்ள கேபிள் வரும், இரண்டாவது தலை எதற்கென்று தெரியாமல் நம்மில் பலர் தொங்கவிட்டிருப்போம். கூடுதல் கரண்டுக்காகத்தான் அது, இரண்டையும் செருகுங்கள்.

லென்ஸ், ரப்பர் பெல்ட்

லென்ஸைத் துடைப்பது பெரிய வித்தை இல்லை, ஆனால் கை நிதானம் வேண்டும். மெல்லிய டிரைவில் தட்டு வெளியே வரும்போதே லென்ஸ் கண்ணுக்குத் தெரியும், துவரம்பருப்பு அளவுக்கு. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து, பிழிந்துவிட்டு, அழுத்தாமல் வட்டமாக ஒரு சுற்று. அவ்வளவுதான். அந்த லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அழுத்தினால் வளைந்து வாழ்க்கை முடிந்துவிடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். டெஸ்க்டாப் டிரைவில் லென்ஸ் உள்ளே ஆழத்தில் இருக்கும், மேல்மூடியைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றப் பயமாக இருந்தால் சின்ன பிரஷ் ஒட்டிய லென்ஸ் கிளீனர் டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், தூசி மட்டும்தான் பிரச்சினை என்றால் அதுவே போதும்.

தட்டு திறக்கவில்லையா? முகப்பில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஜெம் கிளிப்பை நிமிர்த்தி அதில் நேராகச் செலுத்தித் தள்ளினால் தட்டு கொஞ்சம் வெளியே வரும், மிச்சத்தைக் கையால் இழுத்துக்கொள்ளலாம். அடிக்கடி இப்படி ஆகிறதென்றால் உள்ளே தட்டை நகர்த்தும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். பழைய டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பண்ணுகிறவர்களிடம் அதே அளவு பெல்ட் கிடைக்கும், பத்து நிமிட வேலை. பெல்ட் கிடைக்கும்வரை ஒரு குறுக்கு வழி: உள்ளே ஏதாவது ஒரு உதவாத டிஸ்க்கை வைத்தே மூடுங்கள். டிஸ்க்கைப் பிடிக்கும் காந்தம், தட்டு காலியாக இருந்தால் கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது. நடுவில் டிஸ்க் இருந்தால் பிடி தளர்ந்து எளிதாகத் திறக்கிறது. என் இரண்டாவது ரைட்டர் இப்படித்தான் ஒரு பழைய டிரைவர் சிடியை வாயில் கவ்விக்கொண்டே வாழ்கிறது.

பிளாங்க் டிஸ்க் வாங்கும் கதை

ரைட்டர் நல்லதாக இருந்து டிஸ்க் மட்டமாக இருந்தால் ஒன்றும் நடக்காது. நான் ஒரு முறை 50 டிஸ்க் உள்ள பெயர் தெரியாத டப்பா ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினேன். அதில் எட்டு, ரைட் ஆகும்போதே செத்தன. மிச்சம் ரைட் ஆகின, சரிபார்ப்பிலும் தேறின, மூன்று வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஓரத்தில் படிக்கவில்லை. செத்த எட்டு எவ்வளவோ மேல், அப்போதே சொல்லிவிட்டன.

டப்பா மேல் இருக்கும் பெயர் ஒன்று, உள்ளே டிஸ்க்கைச் செய்த தொழிற்சாலை இன்னொன்று என்பது இந்தத் தொழிலில் சாதாரணம். ஒவ்வொரு பிளாங்க் டிஸ்க்கிலும் செய்தவரின் அடையாளக் குறி பதிந்திருக்கும். இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கைப் போட்டவுடன் வலது பக்கத்தில் அந்தக் குறி தெரியும்: எம்சிசி என்றால் மிட்சுபிஷி கெமிக்கல், எம்பிஐ என்றால் நம் மோசர் பேர், அப்புறம் சிஎம்சி, ரிடெக் என்று தைவான்காரர்கள். மோசர் பேர் ஞாபகமிருக்கிறதா, 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியுமாகத் தமிழ்ப் படங்களைப் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டு வந்தார்களே, அவர்கள்தான். கிரேட்டர் நொய்டாவில் தொழிற்சாலை வைத்து உலகத்துக்கே பிளாங்க் டிஸ்க் செய்து கொடுத்த நிறுவனம், 2018இல் திவாலாகிக் கலைப்புக்குப் போய்விட்டது. ஜப்பானில் பிளாங்க் டிஸ்க் செய்துவந்த தாயோ யூடன் 2015லேயே அந்தத் தொழிலை மூடியது. ஆக இன்று கடையில் கிடைக்கும் டிஸ்க்குகள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில தொழிற்சாலைகளில் வந்தவைதான், அல்லது யாரோ கிடங்கில் பல வருடமாக வைத்திருந்த சரக்கு.

இந்தக் குறி ரைட்டருக்கு ஏன் முக்கியம் என்றால், எந்த டிஸ்க்குக்கு லேசரை எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் துடிக்க வைக்க வேண்டும் என்ற கணக்கு ரைட்டருக்குள்ளேயே இருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளில் குறி வாரியாக எழுதப்பட்டிருக்கிறது. குறி தெரிந்த டிஸ்க் என்றால் அளந்து சுடும். தெரியாத டிஸ்க் என்றால் குத்துமதிப்பாகச் சுடும். ஒருவருக்கு அமோகமாக ஓடும் டப்பா இன்னொருவருக்கு வீணாய்ப் போவது இதனால்தான். அதனால் புது டப்பா வாங்கும்போது ஐந்து டிஸ்க் மட்டும் உதிரியாக வாங்கி உங்கள் ரைட்டரில் ரைட் பண்ணிப் பாருங்கள், சரியாக வந்தால் மொத்தமாக வாங்குங்கள். பிளஸ் ஆர், மைனஸ் ஆர் என்ற இரண்டு டிஸ்க் வகைக்குள் எது நல்லது என்ற சண்டை இப்போது தேவையில்லை, இரண்டும் எல்லா ரைட்டரிலும் ஓடும். ரொம்பப் பழைய டிவிடி பிளேயருக்குக் கொடுப்பதானால் மட்டும் மைனஸ் பாதுகாப்பு.

16எக்ஸ் என்ற ஆசை

டிவிடியில் 1எக்ஸ் என்றால் விநாடிக்கு 1.385 எம்பி. 16எக்ஸ் என்றால் 22 எம்பி. 1எக்ஸில் ஒரு முழு டிஸ்க் எழுத ஏறக்குறைய 57 நிமிடம் ஆகும், அப்படியானால் 16எக்ஸில் மூன்றரை நிமிடத்தில் முடிய வேண்டுமே? முடியாது. டிஸ்க் உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்கு எழுதப்படுகிறது. ஒரே வேகத்தில் சுழலும்போது உள்வட்டத்தில் தூரம் குறைவு, அங்கே ஆறரை எக்ஸ்தான் வரும், மெதுவாக ஏறி ஏறிக் கடைசி விளிம்பில்தான் 16ஐத் தொடும். ஆக முழு டிஸ்க்குக்கு ஐந்தரை முதல் ஆறு நிமிடம். அதையே 8எக்ஸில் எழுதினால் எட்டு, ஒன்பது நிமிடம். மூன்று நிமிட லாபத்துக்காக டிஸ்க்கை நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்றுக்கு மேல் சுழற்றி, அது அதிரும்போது விளிம்பில் எழுத வைக்கிறோம். டிஸ்க்கில் கொஞ்சம் கோணல் இருந்தாலும், ஸ்டிக்கர் ஒரு பக்கம் நகர்ந்து ஒட்டியிருந்தாலும் அந்த விளிம்பில்தான் அடி விழும். கல்யாண டிவிடி எல்லாம் முகூர்த்தம் வரை ஓடிப் பந்தியில் நிற்பதற்குக் காரணம் புரிகிறதா?

நான் 16எக்ஸ் டிஸ்க்கை 8எக்ஸில்தான் எழுதுவேன். ரொம்பப் பத்திரமாக இருக்கட்டும் என்று 2எக்ஸ், 4எக்ஸுக்கு இறங்குவதும் வேண்டாம், வேக டிஸ்க்கின் சாயம் வேகமாகச் சுடுவதற்கென்றே செய்யப்பட்டது, ரொம்ப மெதுவாகப் போனால் என் ரைட்டரில் பிழைகள் கூடத்தான் செய்தன. முகப்பில் 24எக்ஸ் என்று போட்டிருந்தால் அதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். மெல்லிய யூஎஸ்பி டிரைவில் உச்சமே 8எக்ஸ், ஒரு முழு டிஸ்க் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், அது கோளாறு இல்லை.

ரைட் பண்ணும்போது

டப்பாவில் 4.7 ஜிபி என்று இருக்கும், விண்டோஸ் 4.38 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, ஒருவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், இன்னொருவர் 1024ஆல் வகுக்கிறார். நீங்கள் 4 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அந்த ஆபத்தான விளிம்பைத் தொடாமல் விட்டுவிடலாம்.

விண்டோஸிலேயே கோப்புகளை இழுத்துப் போட்டு ரைட் பண்ணுகிறவர்கள் ஒரு இடத்தில் கட்டாயம் ஏமாறுவார்கள். டிஸ்க்கைப் போட்டவுடன் இதை யூஎஸ்பி பென்டிரைவ் மாதிரி வைத்துக்கொள்ளலாமா, அல்லது சிடி, டிவிடி பிளேயரில் ஓடும்படி செய்யலாமா என்று கேட்கும். நிறையப் பேர் முதலாவதை அழுத்திவிடுகிறார்கள். அப்படி எழுதின டிஸ்க் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும், மாமா வீட்டு பிளேயரில் போட்டால் ஒன்றும் தெரியாது, "உன் ரைட்டர் சரியில்ல" என்று போன் வரும். எப்போதும் இரண்டாவதையே அழுத்துங்கள்.

என் சிபாரிசு இம்ஜ்பர்ன்தான். 2013இல் வந்த 2.5.8தான் அதன் கடைசிப் பதிப்பு, இன்றைய விண்டோஸிலும் ஓடுகிறது. இன்ஸ்டால் பண்ணும்போது மட்டும் கூடவே வேறு ஏதாவது மென்பொருளைத் தலையில் கட்டப் பார்க்கும், ஒவ்வொரு திரையையும் படித்து டிக்கை எடுத்துவிடுங்கள். லினக்ஸ் என்றால் கே3பி. எதுவாக இருந்தாலும் வெரிஃபை என்ற டிக்கை எடுக்காதீர்கள். எழுதி முடித்தபின் முழு டிஸ்க்கையும் படித்து மூலத்தோடு ஒப்பிடும், கூட ஐந்தாறு நிமிடம் ஆகும், ஆனால் அது இல்லாமல் எழுதுவது கணக்குப் போட்டுவிட்டு விடை சரிபார்க்காமல் தாளைக் கொடுக்கிற மாதிரி. அதற்கும் மேலே ஒன்று, முக்கியமான டிஸ்க் என்றால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். தன் கையெழுத்தைத் தானே படித்துவிடுவது பெரிய விஷயமில்லை.

வீடியோ எழுதுகிறவர்கள் கவனிக்க: எம்பி4 கோப்பை அப்படியே போட்டால் அது டேட்டா டிஸ்க், பழைய பிளேயரில் ஓடாது. டிவிடி வீடியோவாக மாற்ற டிவிடிஸ்டைலர் என்று இலவசமாக ஒன்று இருக்கிறது. ஒரு டிஸ்க்கில் இரண்டு மணி நேரம் வரை நன்றாக இருக்கும், நான்கு மணி நேரத்தைத் திணித்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். மேலே எழுதுவதற்கு மார்க்கர் பேனா போதும், ஸ்டிக்கர் வேண்டாம், பால்பாயிண்ட் வேண்டவே வேண்டாம். கரண்ட் போகிற ஊரில் யுபிஎஸ் இல்லாமல் ரைட் போடாதீர்கள், இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா.

சரி, பந்திக்கு வருவோம்

பழைய டிஸ்க்கிலிருந்து எடுப்பதுதான் இன்றைக்கு ரைட்டரின் உண்மையான வேலை என்பது என் கருத்து. எழுதுவதற்குப் பென்டிரைவும் ஹார்ட் டிஸ்க்கும் இருக்கின்றன. ஆனால் வீட்டுக்கு வீடு பீரோவுக்குள் கிடக்கும் கல்யாணமும் காதுகுத்தும் டிஸ்க்கில்தான் இருக்கின்றன, சாயம் வெளிறிக்கொண்டே இருக்கிறது.

முதலில் டிஸ்க்கைக் கழுவினேன். பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு சொட்டு, குழாய்த் தண்ணீர், விரல் நுனி, அப்புறம் பழைய பருத்தி வேட்டித் துணி. துடைப்பது எப்போதும் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்து அந்தப் போக்கில் ஒரு கீறல் விழுந்தால் லேசர் போகும் பாதையிலேயே நீளமாக விழும், அதை டிரைவால் சமாளிக்க முடியாது. குறுக்குக் கீறல் என்றால் பிழை திருத்தம் சமாளித்துவிடும். பற்பசை போட்டுத் தேய்க்கும் வைத்தியம் எல்லாம் மேல் கீறலுக்கு வேண்டுமானால் ஓரளவு உதவலாம், சாயம் போன டிஸ்க்குக்கு எதுவும் செய்யாது.

பிறகு கோப்புகளை இழுத்துக் காப்பி பண்ணிப் பார்த்தேன். இது தவறான வழி, தெரிந்தே செய்தேன். ஒரு இடத்தில் பிழை வந்தாலும் விண்டோஸ் மொத்தக் கோப்பையும் கைவிட்டுவிடும், டிவிடி வீடியோவில் ஒவ்வொரு கோப்பும் ஒரு ஜிபி வரை இருக்கும், ஒரு சின்னப் புள்ளிக்காக ஒரு ஜிபி போய்விடும். சரியான வழி, டிஸ்க் முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாகப் படித்தெடுக்கிற, படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போகிற மென்பொருள். விண்டோஸில் ஐசோபஸ்டர், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ. நான் டிடிரெஸ்க்யூ பக்கம். அது முதலில் நல்ல இடங்களையெல்லாம் வேகமாக அள்ளிக்கொண்டு, எந்தெந்த இடம் வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் விட்ட இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் முட்டிப் பார்க்கும். இதில் அழகு என்னவென்றால், பாதியில் நிறுத்திவிட்டு டிஸ்க்கை வேறொரு டிரைவில் போட்டு அதே வரைபடத்தைக் கொடுத்தால், விட்ட இடத்தை மட்டும் புது டிரைவில் படிக்கும். ஒரு டிரைவுக்குப் புரியாத கையெழுத்து இன்னொன்றுக்குப் புரியும்.

அப்படித்தான் செய்தேன். மெல்லிய யூஎஸ்பி டிரைவில் இரவு முழுக்க ஓடவிட்டதில் காலையில் கடைசி 300 எம்பி சுமாரில் ஓட்டை ஓட்டையாக நின்றது. பிறகு அந்த டிரைவர் சிடியைக் கவ்விக்கொண்டிருக்கும் பழைய டெஸ்க்டாப் ரைட்டரைக் கொண்டுவந்தேன். சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் கேபிளில் அதை லேப்டாப்பிலேயே மாட்டலாம், ஆனால் கவனம், பெரிய டிரைவுக்கு 12 வோல்ட்டும் வேண்டும், தனி அடாப்டரோடு வரும் கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். 5 வோல்ட் மட்டும் தரும் மலிவு கேபிளில் அது அசையாது. படிக்கும் வேகத்தை 4எக்ஸுக்கு இறக்கினேன். என் அனுபவத்தில் கெட்டுப்போன டிஸ்க்கைப் படிப்பதில் பெரிய டிரைவுக்குப் பொறுமை அதிகம், வேகத்தைக் குறைத்தால் இன்னும் அதிகம்.

மதியத்துக்குள் ஓட்டைகள் ஏறக்குறைய அடைபட்டுவிட்டன. மிஞ்சினது பதினோரு தொகுதி. டிவிடியில் பிழை திருத்தம் 32 கேபி தொகுதிகளாக நடக்கிறது, ஒரு தொகுதி மீளவே இல்லை என்றால் போவது 32 கேபி, சாதாரண டிவிடி வீடியோவில் அது ஒன்றிரண்டு பிரேம், விநாடியில் இருபதில் ஒரு பங்கு. அதனால் நூறு சதவீதம் வரவில்லையே என்று டிஸ்க்கைக் கைவிடாதீர்கள். வந்த ஐஎஸ்ஓவை விஎல்சி என்ற இலவச பிளேயரில் திறந்தாலே ஓடும். விண்டோஸ் 8இலிருந்தே விண்டோஸ் தானாக டிவிடி ஓட்டுவதில்லை என்பதால் விஎல்சி எப்படியும் வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறொரு வீட்டில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என இரண்டு பிரதி எடுத்து வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு டிவியில் போட்டேன். இலை போடுகிறார்கள், உப்பு வைக்கிறார்கள், கேமரா மெதுவாக வரிசையோடு நகர்கிறது, ஒரு இடத்தில் படம் லேசாக ஒரு துள்ளு துள்ளியது, அது அந்தப் பதினொன்றில் ஒன்று. மூன்றாவது வரிசை, தூணுக்குப் பக்கத்தில், கட்டம் போட்ட சட்டையில் பெரியப்பா. ரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

சித்தப்பா எழுந்து நின்றே கை தட்டினார். சித்தி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "வந்தது சரி, மொய் எழுதினாரா?" என்று கேட்டார். மொய் நோட்டுக்கு இன்னும் யாரும் ரிக்கவரி மென்பொருள் எழுதவில்லை.